வெற்று வண்டியின் எடை

வேலந்தாவளம் தாண்டும் லாரிகளுக்கு
எடை போட்டுச் சீட்டுக் கொடுப்பது என் வேலை.
முதலில் வெற்று வண்டி, அப்புறம் சரக்கோடு.
கழித்தால் வருவது தேங்காய், அல்லது செங்கல், அல்லது எம்-சாண்ட்.
புதிதாய் வரும் கிளீனர் பையன்கள் கேட்பார்கள்:
ஒண்ணுமே ஏத்தலியேக்கா, எப்படிப் பத்து டன் காட்டுது?
வண்டியே பத்து டன் கண்ணு.

போன ஆடியில்
நான் அப்படி இருந்தேன்.
ஒன்றும் ஏற்றவில்லை.
சாவு இல்லை, கடன் இல்லை, வீட்டில் சண்டைகூட இல்லை.
ஏன் என்று கேட்டவர்களிடம் நீட்ட
ஒரு சீட்டு இல்லை என்னிடம்.
கணவாய்க் காற்று தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது.
குளிக்க வாளியைத் தூக்குவதற்குள்
மத்தியானம் ஆகிவிடும்.
மகனின் மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட்டேனாம்,
அது எந்த வகுப்பு மார்க் ஷீட் என்று
இன்றும் தெரியாது.

"சுகந்தன்னே?"
ஜன்னலில் குனிந்து கேட்பார்கள் பாலக்காட்டு டிரைவர்கள்.
சுகம், சுகம், சுகம்.
சப்பித் துப்பிய கரும்புச் சக்கை
அந்தச் சொல்.

வாக்கிங் போ என்றார் வீட்டுக்காரர்.
யாரோ செய்துவிட்டார்கள் என்று
ஆனைமலைக்குப் போய் மிளகாய் அரைத்தாள் நாத்தனார் மயிலாத்தாள்.
இரண்டு நாள் எரிந்தது அவள் கை.
அந்த எரிச்சலுக்கு நான் கடன்பட்டவள்,
அது வேறு கணக்கு.

ஆஸ்பத்திரிக்குப் பாலம் தாண்டித்தான் போனேன்.
இந்தப் பக்கம் எல்லாம் தெரிந்த முகம்.
ஓ.பி. சீட்டில் மலையாளத்தில் எழுதியிருந்ததை
லாரிப் பலகைகளில் கற்ற எழுத்தறிவோடு கூட்டி வாசித்தேன்.
வி. ஷா.
விஷம் என்று நினைத்து உள்ளங்கை வேர்த்தது.
விஷாதம், என்றாள் பக்கத்திலிருந்த நர்ஸ்.
இவ்வளவு நாள் பெயர் தெரியாமல்
அதற்குச் சோறு போட்டிருக்கிறேன்.

டாக்டரம்மாள் உறக்கத்தைக் கேட்டாள், பசியைக் கேட்டாள்,
அப்புறம் அதே குரலில்,
மரிக்கணும்னு தோணியிட்டுண்டோ?
படுத்தால் எழாமலே இருந்துவிடலாம் என்று தோன்றும், என்றேன்.
யாரும் கேட்டதில்லை அதுவரை.
அவள் பதறவில்லை.
நான் வண்டி நம்பர் எழுதுவதுபோல
நிதானமாய் எழுதிக்கொண்டாள்.

ராத்திரி அரை மாத்திரை, பிறகு ஒன்று.
மூன்று வாரம் ஒன்றும் தெரியாது,
குமட்டும், வாய் உலரும்,
என்னைக் கேட்காமல் நிறுத்தாதே.
முதல் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை.
ஆறாம் வாரம் வேறு மாற்றினாள்.
என் ராசி, என்றேன்.
ராசி இல்லை, ரசாயனம், என்று சிரித்தாள்.

பேச்சுக்கு ஷீபா.
பிளாஸ்டிக் நாற்காலி, மின்விசிறிச் சத்தம், நாற்பது நிமிஷம்.
அழுதேன் என்று சொல்ல ஆசை. பெரும்பாலும்
எடைமேடையைப் பற்றித்தான் பேசினேன்.
மண் சேர்ந்தால் மேடை பூஜ்யம் காட்டாது,
காலியாய்க் கிடக்கும்போதே நாற்பது கிலோ நிற்கும்,
கூட்டி இரண்டு மாதம் ஆச்சு, என்றேன்.
இந்த வாரம் அதை மட்டும் செய், என்றாள்.
குளிக்காவிட்டாலும் போகட்டும்.
திங்கள் கூட்டினேன். செவ்வாய் இல்லை. புதன் பாதி.

ஒருநாள் கம்ப்யூட்டர் பக்கத்தில் கிடந்த அட்டையை
எட்டிப் பார்த்தான் தேங்காய்மட்டை ஏற்றும் குஞ்ஞுமோன்.
மறைக்கப் போனேன்.
பர்ஸைத் திறந்து காட்டினான், பிள்ளை போட்டோவுக்குப் பின்னால்
அதே நீல அட்டை, நான்கு காலி.
ராத்திரி வண்டியா, என்று மட்டும் கேட்டேன்.
டாக்டர் வேண்டான்னு சொன்னார், இப்போ பகல் மட்டும்.
பின்னால் ஹார்ன் அடித்தார்கள். போய்விட்டான்.

இந்த மார்கழியிலும் சில காலை
நாற்பது கிலோ காட்டுகிறது.
துடைப்பத்தை எடுக்கிறேன்.
எடுக்காத காலையும் உண்டு.

சுகந்தன்னே?
கொஞ்சம், என்கிறேன் இப்போது.
அப்படி ஒரு பதிலை எதிர்பார்க்காத டிரைவர்
சில்லறையைக் கையில் வைத்தபடி
ஒரு நொடி
நிற்கிறான்.